அந்தரத்தில் மிச்சமிருந்த ஒரு குதிப்பு

நான் விழவே இல்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டார்.

எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழா முடிந்து மாதங்கள் ஆகின்றன. எழுதி வைத்துவிட்டு, கோபம் ஆறிய பிறகு வெளியே விடலாம் என்று காத்திருந்தேன். கோபத்தில் எழுதிய குறிப்பை மேலே அனுப்பும் முன் ஓர் இரவு மேசையில் கிடக்க விட வேண்டும் என்பது, வேலை பார்த்த காலத்தில் எனக்கு நானே வகுத்துக்கொண்ட முறை. இது பல இரவுகள் கிடந்துவிட்டது. ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அது என்னவென்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல வந்தவரால்தான் இவ்வளவும்.

டிவி திரையில் ஒரு மேடை. அதைச் சுற்றி வெறும் ஆகாயம். மேடையில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். மற்ற சண்டை விளையாட்டுகளில் அடிவாங்கி உயிர் குறைந்து சாக வேண்டும். இதில் எதிராளியை மேடையை விட்டு வெளியே, திரையின் ஓரத்தையும் தாண்டி அனுப்பினால்தான் அவனுக்கு ஓர் உயிர் போகும். அடி வாங்க வாங்க ஆள் லேசாகிவிடுவான். அடுத்த அடிக்கு இன்னும் தூரமாகப் பறப்பான். ஆனால் திரையின் ஓரத்தைத் தாண்டாதவரை உயிர் போகவில்லை. இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கச் செயலாளர் வைத்துக்கொள்ளவில்லை.

இனி குதிப்பு. மேடையில் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் ஆள் குதிப்பான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. குதித்து மேலே போய்விட்ட பிறகு, காலுக்கடியில் எதுவுமே இல்லாதபோது, அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் அந்தரத்தில் இன்னொரு முறை குதிப்பான். அதுதான் விஷயம். அநேகமாக எல்லா ஆளுக்கும் அந்தரக் குதிப்பு ஒன்றுதான். பறவை மாதிரியும் பலூன் மாதிரியும் இருக்கிற சில ஆட்களுக்கு அதிகமாக உண்டு. அவர்களுக்கும் ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிடக் குட்டையாகிக்கொண்டே போகும். தரையில் கால் பட்டாலோ, மேடையின் விளிம்பைக் கையால் பிடித்தாலோ, செலவழித்த குதிப்பு திரும்பக் கிடைக்கும். அடி வாங்கினால் கிடைக்காது. அனுதாப அடிப்படையில் வழங்குவதெல்லாம் அங்கே இல்லை.

குதிக்காமல், மேடையிலிருந்து சும்மா நடந்து வெளியே இறங்கினால்? தரைக் குதிப்பு காலாவதி. அந்தரக் குதிப்பு பத்திரமாக இருக்கும். எவ்வளவு வேகமாக விழுந்துகொண்டிருந்தாலும் பொத்தானை அழுத்திய கணத்தில் விழுந்த வேகம் முழுவதும் ரத்து. மேலே போகும் வேகம் புதிதாகத் தொடங்கும். திசையையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். முந்தைய ஆணையை இவ்வளவு சுத்தமாக ரத்து செய்த வேறோர் ஆணையை நான் பார்த்ததில்லை. கடைசி வழியாக ஒவ்வோர் ஆளுக்கும் மேல்நோக்கி ஒரு பாய்ச்சல் அடி உண்டு. அதைச் செலவழித்துவிட்டால் தரை தொடும்வரை கைகால் ஆடாது. ஆகவே வெளியே எறியப்பட்டவர் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு விழ வேண்டும். எவ்வளவு தாமதமாக அழுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு நொடி அதிகம் தாமதித்தால் கதை முடிந்தது.

இந்தக் கடைசிப் பாடம் என் தங்கைக்கு வரவே இல்லை. வளைகுடாவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியபோது இந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தவள் அவள்தான். எதற்கு என்று கேட்டதற்கு, ஏர்போர்ட்டில் தள்ளுபடி போட்டிருந்தான் என்றாள். இப்போது நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சாயங்காலம் காபியும் மக்ரூனும் முடிந்ததும் உட்காருவோம். அவள் அடிவாங்கிப் பறந்த உடனே பொத்தானைப் படபடவென்று அமுக்கி, குதிப்பை வீணாக்கி, பாய்ச்சலையும் வீணாக்கி, கல் மாதிரி விழுவாள்.

“ஏளா, ஏன் அவசரப்படுத? விழுந்து முடியட்டும்னு இரேன்.”

“விழும்போது எப்படி யக்கா சும்மா இருக்க முடியும்? பதறும்லா?”

எனக்குப் பதறாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பொது அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆண்டு விழாவில் எல்லா ஆண்டும் இருப்பவை இருந்தன: பெண்களுக்குக் கோலம், எலுமிச்சை ஸ்பூன், ஆண்களுக்குக் கயிறு இழுத்தல், எல்லாருக்கும் இசை நாற்காலி. இந்த முறை இளைஞர்கள் கேட்டார்கள் என்று வீடியோ கேம் போட்டியும் சேர்த்திருந்தார்கள். நாங்கள் விளையாடுகிற அதே விளையாட்டு. பெயர் கொடுக்கச் செயலாளரின் கடைக்குப் போனேன். ஹார்டுவேர்க்கடை. இளமையில் கபடி ஆடியவர், பிறகு கபடி நடுவராக இருந்தவர். இன்றும் குழாய் வாங்க வந்தவனிடம் விசில் இல்லாத குறையாகத்தான் பேசுவார். ஊரெல்லாம் அவருக்கு அண்ணாச்சி என்றுதான் பெயர். அவர் என்னை டீச்சர் என்பார். நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஊருக்கு ஊர் டீச்சர்களை அனுப்பிவைக்கும் நாசரேத்தில் பிறந்த, கல்யாணம் ஆகாத, கண்ணாடி போட்ட பெண் வேறு என்னவாக இருக்க முடியும்?

“வீடியோ கேமா? நீங்களா?” என்றார். “சரி டீச்சர், மகளிர் பிரிவுல போட்டுருதேன்.”

“அறிவிப்பில் மகளிர் பிரிவே இல்லையே அண்ணாச்சி. ஒரே பிரிவு, பொதுன்னுதானே இருக்கு?”

“உங்களுக்காகப் போடுதேன். வேற பொம்பள யாரும் பேரு குடுக்கல. விளையாடாமலே முதல் பரிசு உங்களுக்குத்தான். நல்லதுதான?”

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அன்புடன் செய்த காரியம் போல அவர் முகம் மலர்ந்திருந்தது. என் வாழ்வில் எனக்கு நடந்த அவமானங்களில் பெரும்பகுதி இப்படி மலர்ந்த முகத்தோடுதான் வந்திருக்கிறது. அறிவிப்பு வெளியான பிறகு புதுப் பிரிவு சேர்க்க வேண்டுமானால் செயற்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும், விதி அப்படித்தான் சொல்கிறது, கூட்டுங்கள், நானும் உறுப்பினர்தான், வருகிறேன் என்றேன். செயற்குழு என்றதும் அவருக்கு வியர்த்தது. அதில் தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினை காத்துக்கொண்டிருந்தது.

“பொதுவுலயே ஆடுங்க. பையம்மாருகிட்ட அடி வாங்கிட்டு அழப்பிடாது.”

எனக்கு வேண்டியதும் அதுதான். அடி வாங்கினாலும் சரி, கொடுத்தாலும் சரி, எல்லாரும் ஆடுகிற அதே ஆட்டத்தில். ஜெயித்தால் முன்னால் ஒரு சொல் ஒட்டாமல் ஜெயிக்க வேண்டும். இதைவிடச் சின்ன ஆசை ஒருத்திக்கு இருக்க முடியாது.

முதல் சுற்றுகளை ஓர் இன்ஜினீயரிங் மாணவன் நடுவராக இருந்து நடத்தினான். ஆட்டம் தெரிந்தவன். ஆட்கள் மேடையை விட்டு வெளியே போனார்கள், அந்தரத்தில் குதித்தார்கள், திரும்பி வந்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரையே கணக்கு வைத்துக்கொண்டது. நான் ஜெயித்துக்கொண்டே வந்தேன். என்னிடம் தோற்ற ஒருவர், பெண்கள் முன்னால் கை ஓடவில்லை என்றார். கை ஓடியதால்தான் தோற்றார். அந்தரக் குதிப்பை முதலிலேயே தின்றுவிடுகிற ஆள்.

இறுதிப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். உடனே செயலாளர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவர் நாற்காலிக்கு வந்தார். அதுவரை பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தவர், ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்காதவர். மாணவன் எழுந்து இடம் விட்டான். இதில் எனக்கு வியப்பில்லை. வேலை தெரிந்தவன் எழுந்துகொள்ளும் இடத்துக்கு அதிகாரி வந்து உட்காருவது நாட்டு வழக்கம்.

என் எதிராளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற இளைஞன். திரேஸ்புரத்துக்காரன், வேலைக்குப் போக வசதி என்று எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறான். அவனுடைய ஆள் ஒல்லியான வாள்காரன். என்னுடையது சம்மட்டி ஏந்திய ஒரு கனத்த பெண். கனமானவர்களை வெளியே அனுப்புவது கடினம். அனுப்பிவிட்டால் அவர்கள் திரும்பி வருவதும் கடினம்.

இருவருக்கும் கடைசி உயிர். அவன் அடி நல்ல அடி. என் ஆள் மேடைக்கு வெளியே வலப்பக்கம் பறந்தாள், விளிம்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கினாள். குதிப்பு கையில் இருக்கிறது. பாய்ச்சலும் இருக்கிறது. நான் ஒன்றும் செய்யாமல் விழுந்துகொண்டிருந்தேன்.

விசில்.

“அவுட்! டீச்சர் அவுட்! ஆட்டம் முடிஞ்சு!”

கிரேன்காரன் செய்தது ஒன்றுதான். விசில் கேட்ட கணத்தில், ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் பாஸ் பொத்தானை அழுத்தினான். திரை உறைந்தது. என் சம்மட்டிக்காரி இரண்டு கைகளையும் விரித்து, காலுக்கடியில் ஆகாயமாக, அப்படியே நின்றாள்.

“யாரு அவுட்?” என்றேன்.

“நீங்கதான். கோட்டைத் தாண்டி வெளிய போயிட்டியல்லா? களத்தை விட்டு வெளிய போனா அவுட்டு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே.”

அவர் கபடிக் களத்தைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எதிரே இருப்பது ஆகாயத்தில் மிதக்கும் மேடை. அவர் கண்ணுக்குத் தெரிவதோ சுண்ணாம்புக் கோடு.

“ஆன்ட்டி அவுட் இல்ல அண்ணாச்சி,” என்றான் கிரேன்காரன். “வெளிய போயிட்டு வரலாம். அதுதான் இந்த கேமே.”

“நீ சும்மா இருல. உனக்கு கப் வேண்டாமா?”

“வேணும். ஜெயிச்சா வேணும்.”

கூட்டத்தில் யாரோ “டீச்சர் அழுதிருவாங்க, குடுத்திருங்க” என்றார்கள். சிரிப்பு. என் தங்கை அந்தத் திசையைப் பார்த்து, “எவம்ல அது? எந்திரிச்சு நின்னு சொல்லு, மூஞ்சியப் பாப்போம்,” என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஊசி போட்ட கை அது.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் ‘கத்துறாங்க’ என்பார்கள். விஷயம் அங்கேயே செத்துவிடும். கோப்பில் குறிப்பு எழுதுகிற குரலிலேயே கேட்டேன்.

“அண்ணாச்சி, கபடி விதிப்படியே வைத்துக்கொள்வோம். வெளியே போனால் எப்போது அவுட்? கோட்டுக்கு மேலே காற்றில் இருக்கும்போதா, வெளித் தரையில் உடம்பு பட்ட பிறகா?”

“தரையில பட்டாத்தான்,” என்றார் சட்டென்று. எத்தனையோ ஆட்டத்துக்கு நடுவராக இருந்த வாய். கேள்வி கேட்டால் சரியான விடைதான் வரும்.

“இதில் வெளித் தரை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.”

அவர் திரையைப் பார்த்தார். மேலே ஆகாயம், கீழே ஆகாயம். கழுத்தை வளைத்து டிவியின் அடிப்பாகத்தைக்கூடப் பார்த்தார். பின்வரிசையில் கைதட்டல் கேட்டது. அந்த மாணவனாகத்தான் இருக்கும்.

ஆனால் தோற்ற அதிகாரி வாபஸ் வாங்கமாட்டார்; காரணத்தை மாற்றுவார்.

“சரி, படல. ஒத்துக்கிடுதேன். ஆனா படாம எங்க போவிய? கீழதான போவணும்? ஒரு தடவ காலு தரைய விட்டாச்சுன்னா அவ்வளவுதான். எதை மிதிச்சு மறுபடி குதிப்பிய? காத்தையா? நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா?”

இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். வேறு சொற்களில், வேறு நாற்காலியிலிருந்து.

வேலையின் பிற்பாதியில் என்னைக் கண்காணிப்பாளர் பொறுப்பில் வைத்தார்கள். ‘பொறுப்பு’ என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை முழுவதும் உங்களுடையது, பதவி உங்களுடையதல்ல. பழைய இருக்கையை எடுத்துவிடுவார்கள். புதிய இருக்கையை எழுதித் தரமாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நான் அப்படி இருந்தேன். துறைத் தேர்வில் தேறினேன். முதுநிலைப் பட்டியலில் முன்னால் இருந்தேன். நிரந்தர இடம் காலியானபோது, எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். விதியைக் காட்டிக் கேட்டேன். “நீங்கள் இப்போது எந்த இடத்திலும் இல்லையேம்மா, எதன் மேல் நின்று கேட்கிறீர்கள்?” என்றார் மேலதிகாரி. அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. தரையை எடுத்தவரே தரை எங்கே என்று கேட்டார். மேல்முறையீடு செய்தேன். அது என் ஓய்வுக்குப் பிறகு, பரிசீலிக்க ஏதுமில்லை என்று திரும்பி வந்தது.

அதனால்தான் இந்த விளையாட்டு முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது. எதன் மேல் நின்று குதிக்கிறாய் என்று அது கேட்பதில்லை. குதிப்பு மிச்சமிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் கொடுத்துவிடும். சிபாரிசு வேண்டாம், தரை வேண்டாம்.

செயலாளரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “எதை மிதிக்கிறேன் என்பது என் கவலை அண்ணாச்சி. அவுட் என்று திரை சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள். இத்தனை சுற்றில் வெளியே போய்த் திரும்பிய ஆண்கள் எல்லாரையும் கூப்பிட்டு அவுட் கொடுங்கள். நானும் எழுந்து போகிறேன். இந்தத் தம்பியும் அதில் உண்டு. அரையிறுதியில் மூன்று தடவை வெளியே போனான்.”

“நாலு, ஆன்ட்டி,” என்றான் கிரேன்காரன்.

செயலாளரின் வாய் திறந்தது. அதிலிருந்து சொல் வருவதற்குள், முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் வாட்சைப் பார்த்துக்கொண்டு, “ஆடட்டுமேய்யா, சாப்பாட்டு நேரம் ஆகுதுல்லா?” என்றார். நியாயம் அப்படித்தான் கிடைத்தது. என் விதி அறிவு சாதிக்காததைப் பிரியாணி வாசனை சாதித்தது. செயலாளர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே கையை வீசினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தின் பெரிய போட்டிகளில் இடையில் பாஸ் அழுத்துகிறவனுக்கு ஓர் உயிர் பறிபோகும். எதிராளியின் கைக்கணக்கைக் கெடுத்துவிடுவான் என்பதால். நான் அதைக் கேட்டிருந்தால் கிரேன்காரனின் கடைசி உயிர் அங்கேயே போயிருக்கும், கப் என் மடியில் விழுந்திருக்கும். செயலாளருக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியும். கேட்பேனா என்று என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். எல்லா விதியும் தெரிந்தவள் எல்லா விதியையும் எடுத்து வீச வேண்டும் என்று விதி இல்லை. அவன் பாஸ் அழுத்தியிராவிட்டால் நான் விசில் சத்தத்திலேயே விழுந்து முடிந்திருப்பேன்.

“ரெடியா ஆன்ட்டி? ஒண்ணு, ரெண்டு சொல்லிட்டு எடுக்கேன்.”

“எடு.”

திரை நகர்ந்தது. அவன் மேடை விளிம்பிலேயே காத்திருந்திருந்தால் நான் ஏறும்போது தட்டிவிட்டிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் கூட்டம், “முடிச்சு விடுல! வெளிய போயி அடில!” என்று கத்தியது. இருபத்தைந்து வயசுக்காரனுக்கு அது போதும். வாள்காரன் மேடையை விட்டு ஓடி வந்து குதித்தான். எட்டவில்லை. அந்தரக் குதிப்பையும் போட்டு என்னை நோக்கி வாளை நீட்டினான்.

நான் அழுத்தவில்லை. தங்கை பின்னாலிருந்து, “யக்கா, குதி! குதி!” என்று கத்துகிறாள். விழுந்தேன். வாள் என் தலைக்கு மேலே காற்றை வெட்டிக்கொண்டு போயிற்று. திரையின் அடிவிளிம்பு என் ஆளின் காலை நக்குகிற நேரத்தில் அழுத்தினேன்.

எழும்பினாள். விழுந்த வேகம் எல்லாம் ரத்து. கனத்த உடம்பு உள்பக்கமாகத் திரும்பி மேலே வந்தது. பாய்ச்சலையும் சேர்த்தேன். கை விளிம்பைப் பிடித்தது.

அவனுக்குக் குதிப்பு இல்லை. பாய்ச்சலைப் போட்டான். விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்று, கைகால் ஆடாமல், நேராகக் கீழே போனான். திரையில் ஒளி வெடித்தது. அவுட் என்று அதுவே சொல்லிற்று. யாரும் விசில் ஊத வேண்டியிருக்கவில்லை.

கிரேன்காரன் எழுந்து கை கொடுத்தான். “என்ன நெஞ்சு ஆன்ட்டி உங்களுக்கு! நான் கிரேன்ல இருந்து பெட்டிய இறக்கும்போதுகூட இவ்வளவு நேரம் தொங்க விடமாட்டேன்.”

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

பரிசளிப்பு. செயலாளர் மைக்கைப் பிடித்தார். கோலத்துக்குப் பரிசு, எலுமிச்சைக்குப் பரிசு, கயிறு இழுத்ததற்குப் பரிசு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “வீடியோ கேம். பொதுப் பிரிவில் முதல் பரிசு” என்று கிரேன்காரனை அழைத்தார். மூச்சு விடாமல், “மகளிர் பிரிவில் முதல் பரிசு, நம்ம டீச்சர்! ரெண்டு பேருக்கும் முதல் பரிசு! எல்லாருக்கும் சந்தோஷந்தான?” என்றார். கூட்டம் கைதட்டியது. கோலப் போட்டியில் மிஞ்சிய எவர்சில்வர் ஹாட்பாக்ஸ் ஒன்று மேடையில் எனக்காகக் காத்திருந்தது.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பசி என்று நினைத்தேன். அல்ல.

கிரேன்காரன் மேடை வரை போனான். “நான் தோத்துட்டேன் அண்ணாச்சி,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கப்பைத் தொடாமல் இறங்கி வந்தான். நான் எழுந்திருக்கவில்லை. செயலாளர் மறுபடி கூப்பிட்டார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். தங்கை என் முழங்கையை இடித்தாள். “போயி வாங்கிட்டு வா யக்கா. பிரியாணி ஆறுது.”

“ஆறட்டும்.”

விருந்தினர் மறுபடி வாட்சைப் பார்த்தார். கைதட்டல் தேய்ந்து, தலைகள் பந்திப் பக்கம் திரும்பின. ஒருவர் பரிசு வாங்காவிட்டால் அடுத்தவரை அழைக்க முடியாது, அடுத்தவர் வாங்காவிட்டால் பந்தி தொடங்காது. எங்கள் விழாவின் நடைமுறை அப்படி. அந்த நடைமுறையின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் செயலாளரே கப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கி என் நாற்காலிக்கு வந்தார். கபடியில் போன முழங்கால், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “பொதுப் பிரிவு முதல் பரிசு. போதுமா டீச்சர்? வாங்கிக்கிடுங்க,” என்றார்.

நான் கப்பை வாங்கவில்லை.

“மைக்கில் சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் மேடையைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாகத் திரும்ப ஏறிப்போய், மைக்கைத் தட்டிப் பார்த்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பொதுப் பிரிவு. முதல் பரிசு. டீச்சர்.”

எழுந்து போனேன். படியேறும்போது ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: அந்த அறிவிப்பின் கடைசிச் சொல்லை அடுத்த பொதுக்குழுவில் பார்த்துக்கொள்வது.